பின் சீட்டில் வேலுசாமி

கோ சான் என்ற பர்மாக்காரன் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். இறங்கியவன் பெட்டிக் கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் இறங்க யாரும் இல்லை. கார்டு கொடியை ஆட்டிக்கொண்டு கத்துகிறார். இவன் பாட்டுக்குக் காலிப் பெட்டியைப் பார்த்து, "எறங்கு, மெல்ல எறங்கு, உன் ஊரு பக்கத்துல வந்தாச்சு" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவனை அழைத்துப் போக வந்திருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். மார்கழிப் பனிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் வேதசிரோமணி. ரங்கோனில் பல வருஷம் டாக்சி ஓட்டியவன். ஊருக்குத் திரும்பிவந்து ஒரு பழைய செவர்லே காரை வாங்கி, தேரடியில் வாடகைக்கு நிறுத்தியிருந்தேன். ரங்கோனில் சான் எனக்கு அடுத்த வீட்டுக்காரன், மர மில்லில் வேலை. "ஒரு தடவை எங்க ஊருக்கு வாலே, கார்ல வச்சு மலை, கோயில், கண்மாய் எல்லாம் சுத்திக் காட்டுதேன்" என்று பர்மா பாஷையில் அவனிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். முப்பத்தெட்டாம் வருஷத்து மார்கழியில் வந்தான். கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று நான் கண்டேனா?

வீட்டில் என் மனைவி ஏசம்மாள் காப்பி கொடுத்தாள். சான் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கி, பக்கத்தில் தரையில் வைத்தான். அதை அவனும் குடிக்கவில்லை, என்னையும் எடுக்கவிடவில்லை.

"வேலுசாமியைத் தெரியுமில்லா, அண்ணாச்சி?" என்றான்.

தெரியும். ராஜபாளையத்துக்காரன். நான் ரங்கோனை விட்டுக் கிளம்புகிற சமயத்தில்தான் கப்பலில் வந்து இறங்கினான். பக்கத்து ஊர்ப் பிள்ளை தெருவில் படுக்கவேண்டாமே என்று சான் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தது நான்தான். மரத்தூண் மேல் கட்டின வீடு. மேலே சானும் மனைவியும் குழந்தையும், கீழே இவன். சான் பேசுகிற தமிழ் அத்தனையும் நான் வந்த பிறகு அவனிடம் பழகியது. அதனால் பர்மாக்காரன் வாயைத் திறந்தால் ராஜபாளையத்து ஆள் பேசுகிற மாதிரியே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பேசுவது யார் என்று சந்தேகம் வந்துவிடும்.

"போன ஆடியில அங்க இந்தியாக்காரங்களைத் தேடித் தேடி அடிச்ச கலகம் நடந்துச்சில்லா," என்றான் சான். "மண்டையில அடிபட்டு ஓடி வந்தான். மாடிப்படிக்கு அடியில ஒளிச்சு வச்சேன். தெருவுல ஆள் நடமாட முடியல, டாக்டரைக் கூப்பிட முடியல. கீழ்ப்படியில உக்காந்தபடியே போயிட்டான்."

ஏசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் பொண்டாட்டிக்குச் சொல்லி விட்டியா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பேசத்தான தெரியும், எழுதத் தெரியுமா? யாரையாவது எழுதச் சொல்லலாம். மனசு வரல." தொண்டை கட்டிப்போய் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. "அவன் இன்னும் போகல அண்ணாச்சி. அந்தப் படியிலயேதான் இருக்கான். எனக்குத் தெரியல, எம் பொண்டாட்டிக்குத் தெரியல. எங்க பிள்ளைக்குத் தெரியுது. நாலு வயசு. 'மாமா வழியில உக்காந்திருக்காரு'ன்னு படி எறங்க மாட்டேங்கா. தூக்கிட்டு எறங்கினா காய்ச்சல் வந்துடுது. சோறு எறங்கல, ஒடம்பு குச்சியாப் போச்சு. அவனைக் கொண்டுபோய் அவன் வீட்டுல விடலைன்னா எம் பிள்ளை எனக்கு இல்ல."

சானின் தாய் சொல்லிக் கொடுத்து அனுப்பிய முறை ஒன்று இருந்தது. வெளியூரில் செத்தவனுக்கு வழி தெரியாது. சாகும்போது கூட இருந்தவன்தான் அழைத்துப் போகவேண்டும். தண்ணீரை அவன் தானாகத் தாண்டமாட்டான். ஓடையோ ஆறோ வருகிற இடத்தில் எல்லாம் நின்று, பேர் சொல்லி, "தண்ணி வருது, எம் பின்னால வா" என்று கூப்பிட வேண்டும். கடைசியில் அவன் வீட்டு வாசலில், அந்த வீட்டு ஆள் ஒருவர் பேர் சொல்லி உள்ளே அழைக்க வேண்டும். அழைத்தால் தங்கிவிடுவான். அழைக்காவிட்டால், கூட்டி வந்தவன் பின்னாலேயே திரும்பிவிடுவான்.

"கடல்ல என்னலே செஞ்ச?" என்றேன்.

"கப்பல் முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தேன். மெட்ராஸ்ல இருந்து ரயில்ல, பாலம் வரப்பல்லாம் ஜன்னல்ல தலையை விட்டுக் கத்தினேன். ரயில் நிக்க மாட்டேங்கு. அவன் பிந்திப் பிந்தி வந்து சேந்தான். இனி எனக்குத் தொண்டை இல்ல. காருன்னா நிப்பாட்டலாம்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று நான் குதித்தேன். "நான் வேதக்காரன். ஞாயித்துக்கிழமை வேதக்கோயில்ல பாதிரி ஐயர் முகத்துல முழிக்கணும். பிசாசை ஏத்திக்கிட்டுப் போன காரை மறுநாள் எவன் வாடகைக்குக் கேப்பான்?"

ஏசம்மாள் என்னைப் பார்த்தாள். "பிசாசே கிடையாதும்பீரு. இல்லாத ஆளை ஏத்துறதுக்கு எதுக்குப் பயப்படுதீரு?" என்றாள். வாயில்லாப் பூச்சி என்று என் மாமனார் சொல்லிக் கட்டிக்கொடுத்த பெண் இவள்.

மறுநாள் காலை கிளம்பினோம். மழையில் பெரிய ரோட்டுப் பாலம் ஒன்று சரிந்து கிடந்ததால் மம்சாபுரம் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். அந்த வழியில் மலையிலிருந்து வருகிற ஓடைகள் ஒன்று மாற்றி ஒன்று குறுக்கே ஓடும். பாலமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சான் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்து நின்றான். பழைய துண்டு ஒன்றை மடித்துப் பின் சீட்டில் வைத்தான். வேலுசாமியுடைய துண்டு. பிறகு கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் காருக்கு முன்னால் குனிந்து, இன்ஜினைக் கிளப்ப ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் பின்பக்கத்து ஸ்பிரிங் கிறீச்சிட்டது. வண்டி பின்னால் கொஞ்சம் அமுங்கியது. ஆள் ஏறினால் எப்படி அமுங்குமோ அப்படி. பழைய ஸ்பிரிங், பனியில் இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சீட்டில் ஏறிய பிறகும் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. அதைக் கையால் மேலே தள்ளி வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

ஊரைத் தாண்டியதும் பனி. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. பனைகள் பாதிக்கு மேல் இல்லை. என் நண்பனுக்கு மலையைக் காட்டவேண்டும், எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படிக்கட்டைக் காட்டவேண்டும் என்றெல்லாம் எத்தனை ஆசை வைத்திருந்தேன். அவன் எதையும் கேட்கவில்லை. சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தண்ணீர் எங்கே வருகிறது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

முதல் ஓடை வந்தது. நிறுத்தினேன். சான் இறங்கித் தண்ணீருக்குள் நடந்து, திரும்பி நின்று, "வேலுசாமி, ஓடை. எம் பின்னால வா" என்றான். நான் பின்னாலேயே காரை மெல்ல விட்டேன். அடுத்த ஓடையிலும் அதே கூத்து. களைக்கொட்டுகளோடு போன பெண்கள் சிலர் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "ஏட்டி, அந்த டிரைவரு மூஞ்சியைப் பாரு, கஷாயம் குடிச்ச மாதிரி" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

அதற்கு அடுத்தது பெரிய ஓடை. மேலே எங்கோ மழை பெய்து, செங்கல் நிறத்தில் தண்ணீர் வேகமாக வந்துகொண்டிருந்தது. சக்கரத்தில் பாதி முங்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் நடுவில் நின்றால் இன்ஜின் அணையும், அணைந்தால் மாடு பூட்டித்தான் இழுக்கவேண்டும். டிரைவராகப் பிறந்தவன் எவனும் அங்கே நிறுத்தமாட்டான்.

"நிப்பாட்டுங்க," என்றான் சான்.

"முடியாது."

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க."

"செத்தவனுக்கு ஈரம் என்னலே செய்யும்? வாரவன் வருவான், சும்மா இரி," என்று கத்திவிட்டு ஒரே மிதி. தண்ணீர் இரண்டு பக்கமும் அடித்துத் தெறிக்க, அக்கரையில் போய்த்தான் நின்றேன். நிறுத்தியபோது எனக்கே தெரிந்துவிட்டது. வண்டி இலேசாக இருந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னால் யாரும் இல்லை என்பது கழுத்துப்பிடரிக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தானே நான்? எனக்கு அழுகை வந்தது.

சான் இறங்கி ஓடைக்கரைக்கு ஓடினான். கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. திரும்பவும் முயன்றான். கடல் தாண்டிக் கத்திய தொண்டை அங்கே மொத்தமாக அடைத்துப் போயிற்று. அவன் என்னைப் பார்த்துக் கை கூப்பினான். எதிர்க்கரையில் பனி. அங்கே ஒருவன் ஓட்டிக்கொண்டு வந்த ஆடுகள் தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டன. மேய்க்கிறவன் எவ்வளவு அடித்தும் ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தனவே தவிர, அந்த இடத்தில் கால் வைக்கவில்லை.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கால் விறைத்துப் போயிற்று. என் அப்பா வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்தவர். அவர் பிள்ளை நடு ஓடையில் நின்றுகொண்டு செத்தவனைக் கூப்பிடுகிறான் என்று தெரிந்தால் கல்லறையில் புரண்டு படுப்பார். "வேலுசாமி," என்றேன். மெதுவாகத்தான் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் குரல் தானாக வரும். "ஏலே வேலுசாமி, நாந்தான் வேதசிரோமணி. உன்னை அந்த வீட்டுல கொண்டுபோய் விட்டதே நான்தாம்ல. ஒரு பச்சைப்பிள்ளை உன்னால படி எறங்காமக் கெடக்கு. வா, வீட்டுக்குப் போவோம்."

தண்ணீர் என் முழங்காலில் இரண்டாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இன்னோர் இடத்திலும் அப்படிப் பிரிந்து ஓடியது. அங்கே கல் ஒன்றும் இல்லை. நான் திரும்பிப் பார்க்காமல் கரையேறினேன். கார்ப் பக்கம் போகும்போது ஸ்பிரிங் கிறீச்சிட்டது. எதிர்க்கரையில் ஆடுகள் தண்ணீரில் இறங்க ஆரம்பித்தன.

அப்புறம் ராஜபாளையம் போய்ச் சேரும்வரை எந்த ஓடையிலும் நான்தான் இறங்கிக் கூப்பிட்டேன். யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

வேலுசாமி வீட்டைத் தெருமுனையில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். உச்சிவேளை ஆகியிருந்தது. வாசலில் கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ வைத்திருந்தது, வெயிலில் வாடியிருந்தது. உள்ளேயிருந்து அவன் மனைவி அமிர்தவல்லி வந்தாள். சின்ன வயசு. தாய் தகப்பன் இல்லாதவன் வேலுசாமி. வீட்டில் இவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

"நான் ஸ்ரீவில்லிபுத்தூர், தாயி. கார் ஓட்டுதேன். இவரு ரங்கோன்," என்றேன்.

ரங்கோன் என்றதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் புதுசாக மஞ்சள் பூசின கயிறு. சானிடம் பர்மா பாஷையில், "வேண்டாம், திரும்பிப் போய்விடுவோம்" என்றேன். "எம் பிள்ளை" என்றான் அவன், தமிழில்.

"அவிய எப்ப வாராவளாம்?" என்றாள் அமிர்தவல்லி.

சானுக்குக் கொஞ்சம் குரல் வந்தது. "வந்திருக்கான் தாயி. கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கோம்."

அவன் குரலில் தன் புருஷன் பேச்சைக் கேட்டு ஒரு கணம் திகைத்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைத் தாண்டி, காரைப் பார்த்து ஓடினாள். பின்கதவுக் கைப்பிடியைத் திருப்பத் தெரியவில்லை. நான் போய்த் திறந்துவிட்டேன். சீட்டில் துண்டு மட்டும் இருந்தது. அவள் கையால் கரை தைத்துக் கொடுத்த துண்டு.

"இதுலயா?" என்றாள்.

சான் எல்லாவற்றையும் சொன்னான். கலகத்தைச் சொன்னான், படிக்கட்டைச் சொன்னான், பிள்ளையைச் சொன்னான். அவள் கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில், வாசலில் நின்று பேர் சொல்லி அழைக்கவேண்டும் என்று சான் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

"பேரையா? நான் சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை, தாயி."

"கட்டினவ வாயால பேரைச் சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறையும். கல்யாணமான நாள்ல இருந்து நான் சொன்னதில்ல. இப்பவா சொல்லுவேன்?"

"ஆயுசே இல்லையேம்மா, எங்க இருந்து கொறைய?" என்று நான் சொல்லிவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு எத்தனை இடத்தில் செருப்படி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவளும் ஓர் அடி கொடுத்திருக்கலாம்.

அவள் சான் பக்கம் திரும்பி, "பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டாள்.

"மியா."

"தரையில நடக்கவே இல்லையா?"

"ஆடியில இருந்து."

அவள் உள்ளே போனாள். போனவள் வரவில்லை. சான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு தூரம் வந்தும் அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதானா, அத்தனை ஓடையையும் கடலையும் திரும்பவும் தாண்டவேண்டுமா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குழந்தையை ரங்கோனில் நான் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன்.

அமிர்தவல்லி செம்பில் தண்ணீரோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பொட்டைத் திரும்ப வைத்திருந்தாள். உள்ளே இலை போட்டுச் சோறு வைத்திருப்பது வாசலிலிருந்து தெரிந்தது. படியில் நின்று, காரைப் பாராமல், தரையைப் பார்த்துக்கொண்டு, தினமும் கூப்பிடுகிற மாதிரி, அலுப்பாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க. சோறு ஆறுது. உள்ள வாங்க."

"பேரு, பேரு சொல்லணும்" என்று சான் எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கார் பின்னால் மெல்ல எழும்பியது. அவள் படியில் தண்ணீரை ஊற்றினாள், கால் கழுவ ஊற்றுகிற மாதிரி. பிறகு நிலைப்படியில் உடம்பை ஒடுக்கி ஒதுங்கி நின்றாள், உள்ளே போகிற ஆளுக்கு வழி விட்டு. போகிற நேரம் வரைக்கும் நின்றாள். அப்புறம் தானும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எறங்கிட்டான்," என்றான் சான். கார்ப் படியில் உட்கார்ந்து முகத்தைச் சால்வையில் புதைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

கிளம்பலாம் என்று ஹேண்டிலை எடுத்தபோது உள்ளே அவள் பேசுகிற சத்தம் கேட்டது. திட்டிக்கொண்டிருந்தாள். போனவிய ஒரு வார்த்தை சொல்லி விட்டியளா என்றாள். நிறுத்தினாள். எனக்கு யாரு இருக்கான்னு நெனச்சிய என்றாள். திரும்பவும் நிறுத்தினாள், பதில் கேட்கிற மாதிரி. "சரித்தான், வாய் மட்டும் கொறைச்சலில்ல" என்றாள். அதற்கப்புறம் சிரித்தாள். சான் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கதவு கொஞ்சம் திறந்தது. அமிர்தவல்லி தலையை நீட்டினாள். தலையில் பூ அப்படியே இருந்தது.

"பிள்ளை இனிப் பயப்பட வேண்டாம்னு அவிய சொல்லச் சொல்லுதாவ," என்றாள் சானிடம். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, அவியளுக்கு வெத்தலை வேணுமாம். போற வழியில ஜமால் முகமது பாய் கடையில சொல்லிட்டுப் போங்க. பையன்கிட்டக் கொடுத்து விடட்டும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. சானும் பக்கத்தில்தான் நிற்கிறான், ஆனால் அவள் கேட்பது என்னிடம்தான். சரி என்று தலையை ஆட்டினேன்.

கடையில் ஜமால் முகமது வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி வீட்டுக்கு வெற்றிலை என்றேன்.

"அந்தப் பிள்ளை வெத்தலை போடாதே. யாருக்கு?" என்றார்.

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று சின்ன வயதிலிருந்து கோயிலில் நின்று சொல்லியிருக்கிறேன். காரில் சான் எனக்காகக் காத்திருந்தான். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள்.

"வேலுசாமிக்கு," என்றேன்.

"வந்துட்டானா? எப்ப வந்தான்? ஒருத்தர் கண்ணுலயும் படலையே."

"இப்பத்தான் பாய். எங்கூட கார்லதான் வந்தான். நாந்தான் கொண்டுவந்து வீட்டுல விட்டுட்டு வாரேன்," என்றேன்.